பிள்ளையோடு எல்லை தாண்டும் முன்

மலாக்காவின் மஸ்ஜித் தானாவைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் பெயர்வது புதிதில்லை. கங்காணிகள் ஆள் சேர்த்து அழைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை, கப்பலேறி வந்தவர்களில் பலர் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டே வந்தார்கள். பிறகு தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை ஏறியது. லயத்து வீடுகளை விட்டுப் பிள்ளைகள் மலாக்கா நகருக்கும் சிரம்பானுக்கும் ஜோகூர் பாருவுக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள்.

அந்தப் பயணங்களில் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கமாக நின்றார்கள். இப்போது எழும் கேள்வி வேறு. மணமுறிவு ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைக்கிறது. அல்லது பெர்த்தில் இருக்கும் அக்கா, “புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இங்கயே வந்துரு” என்கிறார். அப்பா அலோர் காஜாவில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை வந்து பார்க்கிறார். அம்மா போகலாமா? பிள்ளைகளோடு போகலாமா? யாரைக் கேட்க வேண்டும்?

ஊருக்குள் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். “ஆர்டர் உங்கிட்டதானே இருக்கு, கெளம்பு” என்பது ஒன்று. “அப்பன் சம்மதிக்காம எப்படிப் போவ?” என்பது மற்றொன்று. இரண்டும் பாதிப் பதில்கள். முழுப் பதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தோட்டத்துக்கும் டவுனுக்கும் அது சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது?

முஸ்லிம் அல்லாத மலேசியர்களின் திருமணத்தையும் மணமுறிவையும் ஆள்வது 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதன் 88-ஆவது பிரிவு பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலன். அதன் பிறகே பெற்றோரின் விருப்பம். கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையானால் அதன் விருப்பமும் கணக்கில் வரும். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் முதலில் அனுமானிக்கிறது. “ஏழு வயசு வரைக்கும் அம்மாவுக்குத்தான்” என்று நம் மக்கள் உறுதியாகப் பேசுவது இதை வைத்துத்தான். ஆனால் அது அசைக்க முடியாத விதி இல்லை. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் அந்த அனுமானத்தைத் தள்ளிவைக்கலாம்.

பெரிய குழப்பம் இதற்கு அடுத்த படியில் வருகிறது. நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே ‘கஸ்டடி’. நீதிமன்ற உத்தரவில் அது பல துண்டுகளாக இருக்கும். பிள்ளை எந்த வீட்டில் தூங்கும், யார் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார் என்பது ஒரு துண்டு. எந்தப் பள்ளி, எந்த மருத்துவம், எந்த ஊர் போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பது இன்னொரு துண்டு. மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்பது மூன்றாவது. பிள்ளை தாயின் வீட்டில் வளரும், ஆனால் பெரிய முடிவுகளைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து எடுப்பார்கள் என்று பல உத்தரவுகள் சொல்கின்றன. அப்படி ஓர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, “கஸ்டடி எனக்குத்தான்” என்று நம்பி விமான டிக்கெட் எடுத்தால், அவர் தன் உத்தரவையே மீறுகிறார். நாடு மாறுவதைவிடப் பெரிய முடிவு ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அதிகம் இல்லை. 1999-இல் திருத்தப்பட்ட சிறார் பாதுகாவலர் சட்டமும் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை கொடுத்திருக்கிறது. அந்தத் திருத்தத்துக்கு முன் தாய்மார்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண்கள் போராடிப் பெற்ற சமத்துவம் அது, தந்தைக்கும் அது பொருந்தும்.

89-ஆவது பிரிவின்படி, பிள்ளையை வளர்ப்பவரே அதை மலேசியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். 101-ஆவது பிரிவு இரு பக்கமும் திறக்கும் கதவு. வழக்கு நடக்கும்போதே ஒருவர் பிள்ளையோடு புறப்பட்டுவிடுவார் என்று அஞ்சினால், மற்றவர் தடையுத்தரவு கேட்கலாம். அதே பிரிவின் கீழ், பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதியும் கேட்கலாம். நிபந்தனையில்லாமலும் அனுமதி கிடைக்கலாம், நிபந்தனைகளோடும் கிடைக்கலாம். தடையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு.

“அப்பன் சம்மதிக்காம எப்படிப் போவ?” என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. தந்தை சம்மதிக்கவில்லை என்றாலும் நீதிபதி அனுமதி தரலாம். தந்தையின் ‘இல்லை’ முடிவான சொல் இல்லை. அதைக் கேட்காமலே போய்விடுவதும் வழியில்லை.

நீதிபதி எதை நிறுத்துப் பார்ப்பார்?

இங்கே பக்கத்து நாட்டின் தீர்ப்பு ஒன்று பயன்படும். 2015-இல் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிள்ளைகளோடு கனடாவுக்குத் திரும்ப விரும்பிய ஒரு தாயின் விண்ணப்பத்தை மறுத்தது. பிள்ளையை வளர்ப்பவரின் நியாயமான விருப்பத்துக்கு எடை உண்டு, ஆனால் அதற்குத் தனிச் சலுகை கிடையாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உடன் போகாமல் நின்றுவிடும் பெற்றோரோடு பிள்ளைக்கு இருக்கும் உறவு எவ்வளவு இறுக்கமானது, அது அறுந்தால் பிள்ளை எதை இழக்கும் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்றது.

எதிர்ப்பக்கத்துக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்லலாம். பெங்களூரில் வேலை செய்த ஒரு தாய்க்குப் பணி சிங்கப்பூருக்கு மாறியது. பிள்ளையைக் கூட்டிப்போக நீதிமன்றம் அனுமதித்தது. தந்தையோடு காணொளிப் பேச்சும் நேர்ச் சந்திப்பும் தொடர ஏற்பாடு செய்துகொடுத்தது. வேலை உண்மையானது, இடம் உறுதியானது, தந்தையின் உறவைக் காக்கத் திட்டம் இருந்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், நீதிபதியின் முன் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிகிறது. கண்ணீரைவிடத் தாள்கள் உதவும். வேலை நியமனக் கடிதம், தங்கும் இடம், பள்ளியில் இடம், பிள்ளையைப் பள்ளி விட்டதும் யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கான பதில். இவற்றோடு, பல தாய்மார்கள் எழுத மறக்கும் பகுதி ஒன்று உண்டு: அப்பாவின் பங்கு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஜூனில் சுமார் நான்கு வாரமும், நவம்பர் பாதியிலிருந்து ஆண்டு முடிவு வரை ஏறத்தாழ ஆறு வாரமும் விடுமுறை. அதில் எத்தனை வாரம் பிள்ளை மஸ்ஜித் தானாவில் இருக்கும்? பஸ் செலவு யாருடையது? தீபாவளி எந்த ஆண்டு யாரோடு? மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு அப்பாவின் வீட்டார் குடும்பமாகப் போகிறவர்கள் என்றால் அந்த நாள் பிள்ளைக்கு உண்டா? இவற்றை எழுதிக் கொடுக்கும் தாயை நீதிமன்றம் ஓடிப்போகிறவராகப் பார்க்காது.

மொழியையும் நான் இதில் சேர்ப்பேன். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை சிங்கப்பூர் போனால் அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், உள்நாட்டுப் பிள்ளைகளைவிட அதிகக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் தமிழ் வார இறுதிப் பள்ளிகளில்தான். பாட்டியோடு பிள்ளை எந்த மொழியில் பேசப்போகிறது என்பதும் அதன் நலனில் ஒரு பங்கு.

சொல்லாமல் போனால்

பயத்தில், கோபத்தில், அல்லது வக்கீல் செலவுக்குப் பணமில்லாமல், சிலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கே சான்று. சூர்யவதனன் எதிர் தமிழ்நாடு அரசு என்பது அதன் பெயர். பிரிட்டனில் வாழ்ந்த தம்பதி. 2012-இல் தாய் இரண்டு மகள்களோடு கோயம்புத்தூருக்கு வந்து அங்கேயே தங்கி, மணமுறிவுக்கும் மனுப் போட்டார். தந்தை லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர அது உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குக் கைகொடுக்கவில்லை. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்தையின் பக்கம் சாய்ந்து, பிள்ளைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோகச் சொன்னது. இரண்டே ஆண்டுக்குப் பிறகு, 2017-இல், வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவைவிடப் பிள்ளையின் நலனே முக்கியம் என்றது. சட்டம் இப்படி ஊசலாடிய காலம் முழுக்க அந்த மகள்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். எந்தத் தீர்ப்பும் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது.

இந்த ஊசலாட்டத்துக்கு மூலகாரணம், இந்தியா 1980 அக்டோபர் 25-ஆம் தேதியின் ஹேக் உடன்படிக்கையில் சேராததுதான். ஒரு பெற்றோர் மற்றவரின் உரிமையை மீறிப் பிள்ளையை நாடு தாண்டிக் கொண்டுபோனால், பதினாறு வயதுக்குக் குறைந்த அந்தப் பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பியனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யும். நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. தாய்லாந்து சேர்ந்திருக்கிறது, இலங்கை சேர்ந்திருக்கிறது, பிலிப்பீன்ஸ் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மலேசியா சேரவில்லை.

இதன் பொருளை மஸ்ஜித் தானாவில் நின்று பாருங்கள். உலகிலேயே ஆள் நடமாட்டம் மிகுந்த எல்லைகளில் ஒன்று ஜோகூர் பாலம். அந்தப் பாலத்தின் இரு பக்கத்துக்கும் இடையே, ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர இந்த உடன்படிக்கை உதவாது. இங்கிருந்து பிள்ளையைச் சிட்னிக்குக் கொண்டுபோனால், இங்கே நிற்கும் தந்தை அங்கே போய், அங்கே வக்கீல் வைத்து, அங்கத்திய நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தந்தை கொண்டுபோய்விட்டால் தாய்க்கும் அதே கதி. தோட்டத்துச் சம்பளத்தில் அது எத்தனை பேரால் முடியும்?

எல்லை தாண்டாமலே பிள்ளையை இழந்தவர்களை நாம் அறிவோம். ஈப்போவின் இந்திரா காந்தி 2009-இல் பதினொரு மாதக் கைக்குழந்தையைக் கணவரிடம் பறிகொடுத்தார். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் வரலாற்றுத் தீர்ப்பே தந்தது. ஆனாலும் பிறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த மகளைத் தேடும் நிலை அவருக்கு. நமக்குப் பக்கத்துச் சிரம்பானில் தீபாவுக்கு 2014 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தது. இரண்டே நாளில் முன்னாள் கணவர் மகனைத் தூக்கிப்போனார். 2016 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. அந்த வழக்குகளில் மதமாற்றம் என்ற வேறு சிக்கலும் இருந்தது. ஆனால் பிள்ளை ஒருவர் கையில் போய்ச் சில ஆண்டுகள் தங்கிவிட்டால், உத்தரவுத் தாளால் அதை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதை இரண்டு தாய்மார்களும் நாட்டுக்கே காட்டினார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே போலீசின் கீழ் இந்த நிலை என்றால், கடல் தாண்டிப் போன பிள்ளைக்கு?

அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கு இதே தராசைக் காட்டக் கூடாது. ஹேக் உடன்படிக்கைக்கு வரும் மறுப்புகளில் நியாயமானது இதுதான்: ஓடிப்போகிறவர்களில் வன்முறைக்குத் தப்பியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் திருப்பியனுப்பலாமா? உடன்படிக்கையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. அது எல்லா நாட்டிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் மலேசியாவுக்குள் இருக்கும்போதே உதவி கேட்க வழி உண்டு. 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழைக்கலாம், போலீசில் புகார் கொடுக்கலாம், 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அந்தத் தாள்கள் பின்னர் வெளிநாடு போக அனுமதி கேட்கும்போதும் பேசும்.

அம்மா போகிறார், பிள்ளை நிற்கிறது

இதுவரை பேசியது பிள்ளையைக் கூட்டிப்போக முடிந்தவர்களைப் பற்றி. நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர் தன் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால், உயர்நிலை வேலை அனுமதியும் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளமும் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலோ துப்புரவிலோ உணவுக்கடையிலோ வேலை செய்பவருக்குக் கிடைக்கும் ஒர்க் பெர்மிட்டில் பிள்ளையைக் கூட்டிவர இடமே இல்லை.

அதனால் அம்மா மட்டும் போகிறார். பிள்ளை அம்மாச்சியிடம் நிற்கிறது. மஸ்ஜித் தானாவிலிருந்து பாலம் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், வாரா வாரம் வந்துபோகும் தூரமில்லை. பணம் வருகிறது, தினமும் வீடியோ கால் வருகிறது. பேரனைப் பள்ளிக்கு அனுப்புவதும், காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத் தூக்கிப்போவதும், பெற்றோர் கூட்டத்தில் உட்காருவதும் அறுபது வயது தாண்டிய ஒரு பெண். இவர்களைப் பற்றி யாரும் அட்டைப்படக் கட்டுரை எழுதுவதில்லை, அவர்கள் கேட்பதுமில்லை.

இதில் சட்டச் சிக்கலும் ஒன்று மறைந்திருக்கிறது. உத்தரவு தாயிடம் பிள்ளையைக் கொடுத்தது தாய் வளர்ப்பார் என்ற கணக்கில். தாய் வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் என்று ஆனால் சூழ்நிலை மாறிவிட்டது என்று சொல்லி, 96-ஆவது பிரிவின்படி உத்தரவை மாற்றக் கேட்டுத் தந்தை வரலாம். தந்தை நல்லவராகவும் அருகில் இருப்பவராகவும் இருந்தால் அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும். பாட்டியின் அன்பு பெரியது, ஆனால் பாட்டியின் பெயர் உத்தரவில் இல்லை. வேலைக்குப் போகும் முன்பே இருவரும் வக்கீலிடம் உட்கார்ந்து, பாட்டி வீட்டில் பிள்ளை இருக்கும், இந்த நாட்களில் அப்பாவோடு இருக்கும், அம்மா வரும்போது அம்மாவோடு இருக்கும் என்று எழுதி நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலோ வேறு நாட்டிலோ திருமணம் செய்து, அங்கே பிள்ளை பெற்று, மணமுறிவுக்குப் பின் பிறந்த ஊர் திரும்பும் மலேசியப் பெண்கள். தந்தை மலேசியர் என்றால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வந்தது. தாய் மட்டும் மலேசியர் என்றால் வரவில்லை. சொந்த ஊரில், சொந்தத் தாயின் வீட்டில், அந்தப் பிள்ளை விசாவில் வாழ வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகச் சொன்னது. மறு ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. கடைசியில் 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை அரசியலமைப்பைத் திருத்த வாக்களித்தது. அந்தத் திருத்தம் பின்னோக்கிப் போகாது. ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் பழைய வழியிலேயே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே திருத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்துக்கு முன்

இருவரும் சம்மதித்து மணமுறிவு கேட்கும் கூட்டு மனு என்றால், நிபந்தனைகளை எழுதுவது நீங்கள் இருவரும்தான். வெளிநாடு பற்றிய ஒரு பத்தி அதில் இருக்க வேண்டும். விடுமுறைக்குப் பிள்ளையைக் கொண்டுபோக எத்தனை நாள் முன்னறிவிப்பு, கடப்பிதழ் யாரிடம் இருக்கும், குடிபெயர வேண்டுமானால் எப்படிப் பேசுவது என்று அதில் எழுதுங்கள். கோபம் தணியாத நேரத்தில் “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வக்கீல் அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள். அனுமதி கிடைத்துப் போகிறவர்கள், போகிற நாட்டு நீதிமன்றத்திலும் அதே நிபந்தனைகளை உத்தரவாகப் பெற்றுக்கொள்ளுங்கள். உடன்படிக்கை இல்லாத நாட்டுக்காரர்களுக்கு அதுதான் இருக்கும் காப்பு. மற்றவர் பிள்ளையோடு போய்விடுவார் என்று உண்மையான அச்சம் இருந்தால், விமான நிலையம் வரை காத்திருக்காதீர்கள். 101-ஆவது பிரிவின் தடையுத்தரவை வாங்கி, அதன் பிரதியைக் குடிநுழைவுத் துறையிடம் சேர்க்க உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பவர்கள் மலாக்காவில் உள்ள சட்ட உதவித் துறையை, நம் மக்கள் சொல்லும் பந்துவான் குவாமானை, நாடலாம். வருமான வரம்புக்குள் இருப்பவர்களின் குடும்ப வழக்குகளை அவர்கள் எடுக்கிறார்கள். மனு போகும் உயர்நீதிமன்றம் ஆயர் குரோவில் இருக்கிறது.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மலேசியா ஹேக் உடன்படிக்கையில் சேர வேண்டும், வன்முறைக்குத் தப்பி வருபவர்களுக்குத் தெளிவான பாதுகாப்போடு சேர வேண்டும். அடுத்த முறை உங்கள் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், கட்சி எதுவானாலும், இதைக் கேளுங்கள்.